வலது பக்கத்து முள்

நான் பந்து விளையாடக் கற்றுக்கொண்டது ஒரு கண்மாய்க்குள். மதுரைக்கு மேற்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஐப்பசியில் நிறைகிற கண்மாய், நல்ல வருஷமாக இருந்தால் மாசி வரை தண்ணீர் வைத்திருக்கும். பங்குனியில் சேறு இறுகும். சித்திரையில் வெடிப்பு விடும். அந்த வெடிப்புகளில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டும், பந்து மாட்டாது. அடுத்த மழை வரைக்கும் ஊரில் மட்டமாகவும் விஸ்தாரமாகவும் கிடக்கும் ஒரே இடம் அதுதான்.

அங்கே ஒரே ஒரு கோல்தான் உண்டு. கரையை ஒட்டி இரண்டு கம்புகளை நட்டிருந்தார்கள். கோலைத் தாண்டும் பந்தைக் கரை தடுத்துவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு கோல் வைத்தால் பந்து போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு அணிகளும் அந்த ஒரே கோலில்தான் அடிக்க வேண்டும். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தவர், பின்னால் கிடந்த ஒரு கல் வரைக்கும் அதைக் கொண்டுபோய், பிறகு திரும்பி வந்து அடிக்கலாம். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவது என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் எப்போதும் கரையைப் பார்த்துத்தான் விளையாடினோம்.

கரையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் முழுக்கச் சீமைக்கருவேல முள். ஊரில் இருந்தது ஒரே பந்து. அது முள்ளுக்குள் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. யார் காலில் பட்டு உள்ளே போனதோ அவர்தான் நுழைந்து எடுக்க வேண்டும், காற்று இறங்கியிருந்தால் அவர்தான் சாலை வரை நடந்து சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இது எழுதாத சட்டம். பெரியவர்கள் போட்ட சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது.

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த சித்திரையில் பெரியப்பா மகன் என்னைக் கூப்பிட்டான்.

"ஒரு ஆள் கொறையுது. நீ வாரியா? ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நில்லு."

நான் சும்மா நிற்கவில்லை. என்னிடம் வந்த முதல் பந்தை ஓங்கி அடித்தேன். அது நேராக முள்ளுக்குள் போனது.

"அங்கிட்டு அடிக்காதன்னு சொன்னேன்ல?"

"நீ சொல்லவே இல்ல."

"இப்பச் சொல்றேன். போயி எடு. அழுதா நாளைக்கு வராத."

உள்ளே போனேன். முள் காலில் ஏறியது, பந்திலும் ஏறியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ட்யூப்புக்குப் பஞ்சர் ஒட்டிருக்கேன், டயருக்கு ஒட்டிருக்கேன், பொம்பளப் புள்ள கொண்டாந்த பந்துக்கு இன்னைக்குத்தான் ஒட்டுறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கோடையிலும் அதற்கடுத்த கோடைகளிலும் வலது பக்கம் நான் ஒரு பந்தைக்கூட அடித்ததாக ஞாபகம் இல்லை.

அந்த முள்ளெல்லாம் இப்போது கிடையாது. பொக்லைன் வைத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் சவுடு மண் அள்ளிப் பள்ளமாகிவிட்டது. ஆக, அந்தப் பக்கம் இப்போதும் யாரும் அடிப்பதில்லை.

*

பதினொன்றாம் வகுப்பிலிருந்து நகரத்தில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தேன். மாவட்ட அணி, பிறகு ஒரு மே மாதம் மாநில அணிக்கான முகாம். முதல் புல்தரை எனக்கு அங்கேதான் கிடைத்தது. இரண்டு பக்கமும் கோல். நான்கு பக்கமும் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியேயும் புல்.

முகாமின் பயிற்சியாளர் அதிகம் பேசாதவர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"வலது பக்கம் ஒருத்தி இம்புட்டு நேரமாக் கத்திக்கிட்டு நிக்கிறா. உனக்குக் கண்ணு தெரியலையா? இல்ல, அந்தப் பக்கம் பாம்பு கிடக்கா?"

"முள்ளு கிடக்கு சார்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது.

முகாம் முடியும் வரை என் பெயர் முள்ளு. அவர் சில நாட்கள் என்னைத் திருத்திப் பார்த்தார். பிறகு இடது ஓரத்தில் நிறுத்திவிட்டார். அங்கிருந்து வலது ஓரம் எனக்கு எட்டாத தூரம். அந்தப் பக்கம் அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. இடது கோட்டை ஒட்டி மேலே போவது, கீழே வருவது, இவ்வளவுதான் வேலை. அதை நன்றாகச் செய்தேன். மாநில அணிக்குச் சில வருஷங்கள் ஆடினேன். ஒரு குறையை, அது தேவைப்படாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மட்டுமல்ல, அதை வைத்திருப்பவருக்கும்.

ஆட்டத்தை விட்ட நாள் என்று ஒன்றைக் குறிக்க முடியவில்லை. எனக்கு நாள் கிழமை பார்க்கும் பழக்கம் உண்டு. மற்றதெல்லாம் எந்த மாதம், என்ன கிழமை என்று சொல்லிவிடுவேன். ஆனால் கடைசி ஆட்டம் எது என்பது ஆடும்போது தெரியாது. பெண்கள் அணிக்கு வருஷத்துக்கு ஒருமுறை போட்டி நடந்தது. ஒரு வருஷம் நடக்கவில்லை. அடுத்த வருஷம் நடந்தபோது நான் எம்.பி.எட். தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் வேலை. பழங்காநத்தத்தில் வீடு எடுத்துக்கொண்டேன். சேர்ந்தபோது கல்லூரியில் கபடி அணி இருந்தது, கோ-கோ இருந்தது, கால்பந்து இல்லை. ஒரு தை மாதத்தில் அதைத் தொடங்கினேன். முதல் வருஷம் அணியில் பாதிப்பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். பந்தைவிட எதிராளியைப் பிடிப்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம். நாலைந்து வருஷத்தில் அணி தேறியது. பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளில் எங்கள் கல்லூரியோடு மோத வேண்டும் என்றால் மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினார்கள்.

*

இதில் எழுத வந்தது ஒரு மாணவியைப் பற்றி. அவள் எங்கள் அணியின் வலது ஓர ஆட்டக்காரி. அப்போது மூன்றாமாண்டு பி.காம். வில்லாபுரத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் காலைப் பயிற்சிக்கு வருவாள். அரைக்கால் சட்டைக்கு உள்ளே கறுப்பு லெக்கிங்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. அணியில் அவளைவிட வேகமாக ஓடுகிறவர்கள் யாரும் இல்லை. மற்றவர்கள் அவளை 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயருக்கெல்லாம் காரணம் கேட்டால் முடிவே இருக்காது.

அவளுடைய அத்தா விளக்குத்தூண் பக்கம் பையும் பெல்ட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். மகளின் ஆட்டம் எதையும் அவர் விட்டதில்லை. ஆட்ட நாளில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவார். போனில் வீடியோ எடுப்பார். ஆட்டத்தை எடுக்க மாட்டார், மகளை மட்டும்தான் எடுப்பார். பாதி ஆட்டத்தில் மகள் பக்கம் மாறும்போது அவரும் போனைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கோட்டுக்கு நடந்து போவார்.

மூன்றாமாண்டின் தொடக்கத்திலேயே அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"கப்பு, ஷீல்டெல்லாம் வைக்க எங்க வீட்ல எடமில்ல மேடம். யுனிவர்சிட்டி டீம்ல அவ பேரு வரட்டும். அந்தச் சர்ட்டிபிகேட்ட வச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டால பி.பி.எட். சேரட்டும். நானே கொண்டுபோய்ச் சேத்து விடுறேன். பேரு வரலேன்னா கடைக்கு வரட்டும். ஜி.எஸ்.டி. பாக்க ஆளில்லாம முழிச்சுக்கிட்டு இருக்கேன். நசீப்ல என்ன இருக்கோ அது நடக்கும்."

அவளிடம் கேட்டேன்.

"கடையில உக்காந்தா செத்துருவேன்னெல்லாம் சொல்லல மேம். உக்காரலாம். நல்ல கடைதான். ஆனா எனக்கு வேணாம்" என்றாள்.

பல்கலைக்கழக அணியை மண்டலப் போட்டியின் அரையிறுதி ஆட்டங்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். ஆகவே அந்த வருஷம் நாங்கள் அரையிறுதிக்குப் போக வேண்டும், அதில் அவள் கண்ணில் பட வேண்டும். இரண்டும் நடக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

*

காலிறுதி ஆடி மாதம் என்று முதலில் எழுதியிருந்தேன். தவறு. ஆவணிதான். விநாயகர் சிலைகளைக் கரைக்கக் கொண்டுபோன லாரிகளால் அன்று எங்கள் பஸ் தாமதமானது. நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம். இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். இரண்டும் இடது பக்கத்திலிருந்து வந்தவை. எங்கள் இடது ஓரப் பெண் இரண்டாமாண்டு, விடுதி மாணவி, அப்பா அம்மா உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். அன்று அவளை எதிரணியால் நிறுத்தவே முடியவில்லை.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வலது ஓரப் பெண்ணின் அத்தா வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்கக் கூடாது. ஒண்ணு காட்டவா?"

"காட்டுங்க பாய்."

"போன்ல எடம் பத்தாம பேரன் போட்டோவெல்லாம் அழிச்சுட்டு இத எடுத்தேன். இதுல எங்கயாச்சும் பந்து வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அவருடைய மகள் ஓடுகிறாள். நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள். திரும்பி ஓடுகிறாள். மறுபடியும் மேலே வந்து கையைத் தூக்குகிறாள். அவளுக்கு முன்னால் ஆளே இல்லாத வெற்றுப் புல். பந்து படத்துக்குள் வரவில்லை. ஒருமுறை வந்தது, எதிரணிப் பெண் தவறாக அடித்தது.

படத்தைவிட என்னை நிறுத்தியது அதிலிருந்த சத்தம். மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எடதுல போடு. எடதுல. ஏ, திருப்பு, எடதுல திருப்பு. நடுவில் இரண்டு மூன்று முறை, அங்கிட்டு அடிக்காத.

அது என் குரல்தான் என்று விளங்க ஒரு கணம் ஆனது. அவர் மகள் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது. கை இறங்கிய பிறகு நின்றது. அணியில் அத்தனை பேரும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு ஆடினார்கள்.

"பந்து வராத எடமாப் பாத்து நிக்க வச்சிருக்கீங்களோன்னு ஒரு சந்தேகம். எனக்கு ஆட்டம் தெரியாது மேடம். கேட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

"நாளைக்குச் சரி பண்ணிருவோம் பாய்" என்றேன். சொன்னபோது அது ஒரு நாள் வேலை என்று நம்பினேன்.

இடம்பெயர்ந்து போனவர்களின் வரலாறுகளை நிறைய வாசித்திருக்கிறேன். பேச்சு மாறிப்போன பிறகும், மனக்கணக்கு மட்டும் பழைய மொழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது அதை மற்றவர்களைப் பற்றிய செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஊர்க் கண்மாயைக் கண்ணால் பார்த்திராத பெண்கள், வருஷத்துக்கு வருஷம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள், அந்த முள்ளுக்குப் பயந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வெயிட்டிங் லிஸ்ட் என்ற பெயரின் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

*

மறுநாள் மாலை எங்கள் மைதானத்தில் பயிற்சி. அதற்கடுத்த நாள் அரையிறுதி. வலது பக்கமும் போட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். பந்து இடது பக்கம் போனது. நிறுத்தி, மறுபடியும் சொன்னேன். மறுபடியும் இடது.

நடுவில் ஆடுகிறவள் ஆனையூர்ப் பெண். அணியின் தலைவியும் அவள்தான். வாய்க்குக் கதவு இல்லாதவள்.

"மேம், மண்டைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. மூணு வருசமா எடது எடதுன்னு ஏத்தி வச்சிருக்கீங்க. ஒரே நாள்ல எறக்குன்னா எப்படி எறங்கும்?"

"எறக்கித்தான் ஆகணும்."

"ஒரு ஐடியா சொல்லவா? வெயிட்டிங் லிஸ்ட்டத் தூக்கி எடதுல போடுங்க. பந்து தானா வரும். வேல முடிஞ்சது."

இடது ஓரப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப நான் எங்க போறது? கேன்டீனுக்கா?"

வலது ஓரப் பெண் முந்திக்கொண்டு, "எனக்கு எடதுல கால் வராது மேம். அங்க நின்னா அசிங்கமாப் போயிரும். வலதுல நின்னே வாங்கிக்கிறேன். குடுத்தா" என்றாள்.

இருட்டும் வரை பார்த்தோம். கடைசியில் ஒன்று மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் இடது என்றுதான் வருகிறது. வலது என்று சொல்ல நினைத்துத் திறந்தாலும் அப்படித்தான். ஆகவே அரையிறுதியில் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

*

அரையிறுதி நடந்த மைதானத்தில் முந்தின இரவு தூறியிருந்தது. ஷாமியானாவுக்குக் கீழே தேர்வாளர்கள் இருவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர், இன்னொருவர் எனக்கு ஒன்றிரண்டு வருஷம் இளையவராக இருக்கலாம். பெண்தான். பழைய ஆட்டக்காரி.

முதல் பாதி முழுக்க நான் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குரல் இல்லாததால் பந்து வலது பக்கம் போகும் என்று எதிர்பார்த்திருந்தேன். பந்து எந்தப் பக்கமும் போகவில்லை. காலில் பந்து வந்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்ப்பதற்குள் பந்து பறிபோனது. அப்படிப் பறிபோன பந்து ஒன்று கோலுக்குள் போனது. வலது ஓரப் பெண் கையைத் தூக்கினாள், இறக்கினாள். தேர்வாளர்கள் டீ குடித்தார்கள்.

பாதி ஆட்டத்தில் வட்டமாக உட்கார்ந்தோம்.

"மேம், தொண்ட கட்டிருச்சா? ஒரு வார்த்த பேசல. உங்களத் திரும்பித் திரும்பிப் பாத்தே கோல விட்டோம்" என்றாள் ஆனையூர்ப் பெண்.

"வலது பக்கம் ஏன் போடல?"

"போட்டு வெளிய போச்சுன்னா நீங்க திட்டுவீங்க."

"நான் எப்பத் திட்டுனேன்?"

கீப்பர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "ஃபர்ஸ்ட் இயர்லேருந்து மேம்" என்றாள்.

நேரம் குறைவாக இருந்தது. கண்மாயையும் கரையையும் ஒற்றைக் கோலையும் முள்ளையும் சுருக்கமாகச் சொன்னேன். யார் அடித்தார்களோ அவர்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தையும் சொன்னேன். அணியில் யாரிடமும் அதற்கு முன் அதைச் சொன்னதில்லை.

"மேம்" என்றாள் ஆனையூர்ப் பெண், "உங்க ஊரு முள்ளுக்கு நாங்க என்ன மேம் பண்ணோம்?"

கீப்பருக்குப் புரை ஏறியது. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து எல்லாருக்கும் பரவியது. நடுவர் விசிலை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி இப்படிச் சிரிப்பதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"சரி, இப்ப வேற சட்டம்" என்றேன். "வலது பக்கம் வெளிய போற பந்த நான் எடுத்துட்டு வாரேன். யாரு அடிச்சாலும் சரி, எம்புட்டுத் தடவ போனாலும் சரி. நீங்க அடிங்க."

"அப்ப எனக்கு?" என்றாள் இடது ஓரப் பெண்.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் எங்கள் வலது பக்கம் பெஞ்சுக்கு எதிர்ப்புறம். அங்கே கோட்டுக்கு வெளியே கொஞ்சம் புல், அப்பால் ஒரு சாக்கடை, அதற்கும் அப்பால் மாணவர்கள் நிறுத்தியிருந்த ஸ்கூட்டிகள். மைதானத்தைச் சுற்றி நடந்து அங்கே போய் நின்றேன். நடுவர் பக்கத்தில் ஓடி வந்தார்.

"மேடம், நீங்க கோச்சா, பந்து பொறுக்குற ஆளா?"

"இப்போதைக்கு ரெண்டும் சார்."

பந்து பொறுக்க அங்கே வேறு ஆள் இல்லாததால் அவர் விட்டுவிட்டார்.

முதல் பந்து வலது பக்கம் வந்தது. வலது ஓரப் பெண்ணின் தலைக்கு மேலே போய், என் தலைக்கும் மேலே போய், ஸ்கூட்டிகளுக்கு நடுவே விழுந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து எறிந்தேன். இரண்டாவது சாக்கடையில் விழுந்தது. துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தேன். பிறகு ஒன்று அவள் காலுக்கு வந்தது. அவள் அதை நிறுத்தவே மறந்துவிட்டாள். பந்து வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் மூன்று வருஷம் கை தூக்கியவள். அடுத்ததை நிறுத்தினாள், பறிகொடுத்தாள். அதற்கடுத்ததையும் பறிகொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடி, மறுபடி மேலே வந்து, கையைத் தூக்கினாள்.

அவளுடைய அத்தா எனக்குப் பக்கத்தில்தான் நின்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கொஞ்சம் ஒதுங்குங்க. குறுக்க வாரீங்க."

ஒதுங்கினேன். அப்போது வந்த பந்தை அவள் நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கினாள். எதிரே வந்தவளைத் தாண்டிப் போனாள். அந்த வேகத்தை நான் பயிற்சியில் பார்த்திருக்கிறேன், பந்தோடு பார்த்ததில்லை. கோட்டின் முனைவரை போய் உள்ளே தூக்கிப் போட்டாள். ஆனையூர்ப் பெண்ணின் தலையில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் வலது பக்கமே வந்தது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். நான் நின்ற இடத்திலிருந்து இடது ஓரப் பெண் தூரத்தில் சிறிதாகத் தெரிந்தாள். கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், வலது பக்கம் எல்லாரும் ஏறிப்போய் வெறுமையாகக் கிடந்த இடத்தின் வழியே எதிரணி வந்து இன்னொரு கோல் போட்டது. தோற்றோம்.

பஸ்ஸில் இடது ஓரப் பெண் முன்பக்கம் வந்து எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போது முன்னால் சாய்ந்தாள்.

"எடதுல போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம் மேம்."

"இருக்கலாம்."

"ஒரு ஆளுக்குப் பந்து போடுறதுக்கு ஒரு மேட்ச்ச விட்டோம்."

அவள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"அடுத்த வருசம் நான் தேர்டு இயர். அப்ப நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்றாள்.

*

பட்டியல் அடுத்த வாரம் புதன்கிழமை வந்தது. வலது ஓரப் பெண்ணின் பெயர் இருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து அவள் பெயர் மட்டும்தான். பின்னர் ஒரு கூட்டத்தில் அந்தப் பெண் தேர்வாளரைச் சந்தித்தபோது கேட்டேன்.

"அத்தன பந்த விட்டா. விட்டுட்டும் மறுபடி வந்து கையத் தூக்குனா. வெக்கமே படல. அதான் எடுத்தேன்" என்றார்.

அவளுடைய அத்தா ஒரு பெட்டி நிறையச் சமோசாவோடு மைதானத்துக்கு வந்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து, ஜி.எஸ்.டி. பார்க்கத் தெரிந்த நல்ல பெண் யாராவது இருந்தால் கடைக்குச் சொல்லுங்கள் என்றார். பிறகு அரையிறுதி வீடியோவைக் காட்டினார். அதில் மகளுக்குப் பின்னால், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பெண் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வருகிறாள். குரல் எதுவும் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது.

"இத அழிக்கல மேடம். நீங்க குறுக்க வந்தாலும் பரவால்ல" என்றார்.

இடது ஓரப் பெண் அன்று சமோசா எடுக்கவில்லை. தீபாவளி விடுமுறை வரை பயிற்சிக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டு அனுப்பவில்லை. விடுமுறை முடிந்து அவளாகவே வந்தாள்.

*

வலது ஓரப் பெண் பல்கலைக்கழக அணியோடு போய் ஆடி, சான்றிதழ் வாங்கி, இந்தக் கல்வியாண்டில் பி.பி.எட். சேர்ந்துவிட்டாள். வகுப்பு இல்லாத சனிக்கிழமைகளில் எங்கள் மைதானத்துக்கு வருகிறாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அவளை விடுகிறேன். நன்றாகச் சொல்லித் தருகிறாள். என்னைவிடப் பொறுமை அதிகம்.

போன சனிக்கிழமை, ஆடி மாதம் முடியும் தறுவாயில், நல்ல காற்று. இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டிருந்தாள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இந்த வருஷத்து மண்டலப் போட்டிக்கான அணியை யோசித்துக்கொண்டிருந்தேன். தலை குனிந்திருந்ததால் முதலில் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

"வலதுல போடு. வலதுல. ஏ, அங்கிட்டு வேணாம், திருப்பு, வலதுல திருப்பு."

நிமிர்ந்து பார்த்தேன். பந்து வலது பக்கம் போனது. மறுபடியும் போனது. புதுப் பிள்ளைகள் அவள் குரலுக்கு நன்றாகக் கட்டுப்பட்டார்கள். இடது கோட்டை ஒட்டி, இப்போது மூன்றாமாண்டில் இருக்கும் அந்த இடது ஓரப் பெண் ஓடி வந்து நின்றாள். முன்னால் ஆளே இல்லை. கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறக்கினாள்.

வலது ஓரப் பெண்ணிடம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் தலையாட்டுவாள், பிறகு வாயில் வலது என்றுதான் வரும். அது எனக்குத் தெரியும். எழுந்து, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, இடது கோட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

இடது ஓரப் பெண் மறுபடியும் மேலே வந்து கையைத் தூக்கியபோது என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா மேம்" என்றாள், கையை இறக்காமல்.